பேர்கனுக்கும் கிர்கனஸுக்கும் இடையில்

திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கடற்கரையில் பிறக்கிற பிள்ளை பேச்சுப் பழகும்போதே எதைப் பேசக்கூடாது என்பதையும் பழகிவிடும். கடலுக்கு வெளிக்கிடுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. தோணியைத் தள்ளும்போது பக்கத்தில் நிற்கலாம், கை கொடுக்கலாம், சாப்பாட்டுப் பார்சலை எடுத்து நீட்டலாம், வாயை மட்டும் திறக்கக்கூடாது. தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால் போகிறவன் திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவான். கடலுக்கென்று இருந்த இந்த வழக்கம் காலப்போக்கில் கரைக்கும் ஏறிவிட்டது. பஸ்ஸுக்குப் போகிறவனிடமும் கேட்பதில்லை, பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடமும் கேட்பதில்லை. பிளேன் ஏறுகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளிநாடு போன ஊர்ச்சனம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் சல்லியில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ராசமலருக்கும் தெரியாது. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் நோர்வேயில். மூத்தவன் றமேஸ் பேர்கனில் பஸ் ஓட்டுகிறான். இளையவள் கிருசாந்தினி கிர்கனஸில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். இரண்டு ஊர்ப் பெயரும் அவளுக்குப் பாடம். இரண்டுக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒரே நாடு, ஒரே காசு, ஒரே குளிர். ஆகவே சல்லியும் மூதூரும் மாதிரி, நடுவில் ஒரு குடா கிடக்கும் என்று அவள் தன்பாட்டில் முடிவு கட்டியிருந்தாள். அந்தக் குடாவைத் தாண்டி அண்ணன் தங்கச்சியிடம் போகவில்லை, தங்கச்சி அண்ணனிடம் போகவில்லை. ஏழு வருடமாக.

அவள் திருகோணமலை மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். அருளம்பலத்தின் மீன் கடையோடு ஒட்டினாற்போல ஒரு பலகை, இரண்டு கத்தி, ஒரு வாளித் தண்ணீர். பிள்ளைகள் இருக்கிற இருப்புக்கு அவள் கத்தி பிடிக்கத் தேவையில்லை என்று ஊர் சொல்லும். வீட்டில் சும்மா இருந்தால் யோசனை வரும் என்று அவள் சொல்லுவாள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். செதில் தட்டியபடியே, "தலையையும் கொண்டு போறீங்களோ, இல்லாட்டி உங்கட மனுசிக்கு உங்கட தலை போதுமோ?" என்று கேட்பாள். வாங்க வந்தவர் சிரிப்பார். இவ்வளவு வாயாடி, எங்கே போகிறாய் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் ஐம்பத்தைந்து வயது தாண்டியும் யாரிடமும் கேட்டதில்லை.

கேட்காததற்கு அவளுக்குத் தனியாக ஒரு காரணமும் இருந்தது.

அவளுடைய புருசன் சின்னப்போடி கடலுக்குப் போய் வராமல் விட்டவர். கச்சான் காற்றுக் காலம் அது, தரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று. விடியும் நேரத்தில், தனியாகப் போகிற அவருக்குக் கூடிநின்று தோணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாத பரட்டைத் தலையோடு கிருசாந்தினி ஓடிவந்தாள், ஆறு வயது இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்ற தகப்பனைப் பார்த்து, "அப்பா, எங்க போறீங்கள்?" என்று கேட்டுவிட்டாள்.

தள்ளிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. கூட நின்ற, அப்போது இளந்தாரியாக இருந்த அருளம்பலம்தான் முதலில் வாயைத் திறந்தான். "உந்தப் பிள்ளையை ஆர் இஞ்ச விட்டது? கொண்டு போங்கோ!" என்று கத்தினான். சின்னப்போடி சிரித்துக்கொண்டு மகளுக்கு ஏதோ மறுமொழி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராசமலர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டாள். முதுகில் ஒரு அடியும் வைத்தாள். பத்து வயது றமேஸ் மணலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் போகிறதென்று சின்னப்போடி தண்ணீர் குடிக்கத் திரும்பி வரவில்லை.

அன்று பின்னேரம் காற்று இறுகியது. மறுநாள் தேடப் போனவர்கள் கரையில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டது ஒன்றுதான். எந்தப் பக்கம் போனவன்? வடக்கேயா, வெளிக்கடலா, குடாவின் வாய்ப் பக்கமா? ஒருவருக்கும் தெரியவில்லை. தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பிள்ளை கேட்டதால்தான் என்று ஊர் சொன்னது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆம்பிளைகள் தோணி இறக்கும்போது கிருசாந்தினி அந்தப் பக்கம் வந்தால் அவளுடைய பெயரைச் சொல்லி, கூட்டிக்கொண்டு போகும்படி யாராவது தாயைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அது போதும்.

றமேஸ் சண்டைக் காலத்தில் வெளிக்கிட்டு, எங்கெங்கோ நின்று நோர்வே போய்ச் சேர்ந்தான். கிருசாந்தினிக்குக் கூடப் படித்த நிலாவெளிப் பெடியன் லதீசன் மீது விருப்பம். அவன் கிர்கனஸ் பக்கம் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தான். கலியாணக் கதையை அண்ணனுக்குச் சொல்ல ஒருநாள் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்கள். கடலுக்குப் போகிறவன் என்று கேட்டதும் றமேஸின் குரல் மாறிவிட்டது.

"அப்பாவைக் கேட்டு அனுப்பினது போதாதோ உனக்கு? இப்ப இன்னொருத்தனையும் அனுப்பப் போறியோ?"

கிருசாந்தினி போனைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள். ராசமலர் தலையைக் குனிந்து சீமெந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை கேட்டதில் என்னடா இருக்கிறது என்று ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏனென்றால் அவளும் உள்ளுக்குள் அப்படித்தான் நம்பினாள். தாய்க்குத் தன் பிள்ளை மேல் அப்படியொரு எண்ணம் இருக்குமா என்றால் இருந்தது. அவளும் சல்லியில் பிறந்தவள்தானே.

கலியாணம் நடந்தது. கிருசாந்தினி கிர்கனஸ் போனாள். அதோடு அண்ணன் தங்கச்சிக் கதை நின்றது.

இந்த முறை மார்கழி மாதம் வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்துக் கிடந்தது. சந்தையில் மீன் குறைவு. திங்கட்கிழமை காலமை, சூடை மீனைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது கிருசாந்தினியின் அழைப்பு வந்தது. அவளுக்குப் பல வருடம் காத்திருந்து வயிற்றில் தங்கிய பிள்ளை. எட்டாம் மாதம். அங்கே நடுச்சாமம், அந்த நேரத்துக்கு அவள் எடுப்பதில்லை.

"அம்மா, பிள்ளை இல்லை."

ராசமலருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"ரெண்டு நாளா அசைவில்லை எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனனான். பிள்ளை உள்ளுக்கையே போயிட்டுதாம். எடுத்திட்டினம். பொம்பிளைப் பிள்ளை." அழாத குரல். அந்தக் குரல்தான் ராசமலரைப் பயப்படுத்தியது. "வெள்ளிக்கிழமை அடக்கம். சின்னப் பெட்டி. இஞ்ச தகப்பனோ சொந்தக்காரரோதான் தூக்கிக்கொண்டு போறவையாம். உனக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டவை. ஒருத்தரும் இல்லை, நானே தூக்குவன் எண்டு சொன்னனான்."

"லதீசன் எங்க நிக்கிறார், பிள்ளை?"

"கப்பலில. கரைக்கு வர இன்னும் நாள் கிடக்காம்."

"எந்தப் பக்கம் போன கப்பல்?"

"தெரியாதம்மா. நான் கேக்கிறேல்லை."

கத்தி பலகையில் கிடந்தது. பெற்ற உடம்பு ஆறாமல், வெயில் எழும்பாத மார்கழியின் இருட்டுப் பகலில், பனியில், தன் பிள்ளையின் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு தன் மகள் நடக்கப் போகிறாள். ராசமலர் அங்கே போக வேண்டுமென்றால் விசாவுக்கே கிழமைக் கணக்கில் நிற்க வேண்டும். அந்த நாட்டில் கிருசாந்தினிக்கு இரத்த உறவென்று இருக்கிற ஒரே ஆள் றமேஸ். செத்துப் பிறந்தாலும் அது அவனுடைய மருமகள். வெள்ளிக்கிழமைக்கு முன் அவன் அங்கே போய் நிற்க வேண்டும். ராசமலருக்கு அன்றைக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மகனுக்கு எடுத்தாள். விசயத்தைச் சொல்லி, தங்கச்சியிடம் போ என்றாள்.

"அவள் என்னைக் கூப்பிடேல்லையே, அம்மா."

"நான் கூப்பிடுறன்."

"நீங்கள் நினைக்கிறீங்கள், நோர்வே எண்டால் சல்லியும் பக்கத்துச் சாம்பல்தீவும் மாதிரி எண்டு. நான் ஒரு அந்தத்தில, அவள் மற்ற அந்தத்தில. நேர பிளேனும் இல்லை. பனி வேற. சும்மா வெளிக்கிட்டுப் போற தூரமில்லை இது."

எவ்வளவு தூரம் என்று கேட்க அவளுக்கு நாக்கு வரவில்லை. பார்ப்பம் என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அவன் சொன்னது மெய்யா, தட்டிக்கழிக்கிற சாட்டா என்று அறிய அவளிடம் வழியில்லை. குடா என்று நினைத்திருந்தது வேறு எதுவோ. இத்தனை வருடமும் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

சந்தைக்குப் பின் தெருவில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கிண்ணியாவைச் சேர்ந்த நஜ்முன் நிஸா பிளேன் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறாள். கிழமைக்கு ஒரு தரம் வந்து பாரை மீன் வாங்கி, ராசமலரின் கையால்தான் வெட்டுவித்துக்கொண்டு போவாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, சந்தை ஓய்ந்ததும் ராசமலர் மீன் மணம் போகக் கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவிவிட்டு அங்கே போனாள். கடையில் சனம் நின்றது. ஓரத்துக் கதிரையில் இருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கடையில் நடப்பதை அவள் முதன்முதலாகக் கவனித்தாள். நிஸா வருகிறவர்களிடம் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

"எங்க போறீங்க?"

"தோஹா."

"எப்ப வருவீங்க?"

"ரெண்டு வருசம்."

அடுத்தவர் வந்தார். "எங்க போறீங்க?" "குவைத்." மூதூர்ப் பெண் ஒருத்தி, தன்னோடு வந்த புருசனைக் காட்டி, "இவர் போற இடத்தை இவர் சொல்லட்டும், அந்தப் பேரு எனக்கு வாயில வருதில்ல," என்று சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டு றியாத் என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டதால் அவர்களுக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது, இறங்குகிற இடம் தெரிந்தது, அங்கே கூட்டிப்போக வருகிறவனுக்கு நேரம் தெரிந்தது.

சனம் கலைந்ததும் நிஸா அவளைக் கிட்டக் கூப்பிட்டாள். "இரிங்கக்கா. என்ன இந்தப் பக்கம்?"

ராசமலர் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நிஸா கேட்டுவிட்டுக் கொம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நேரா கோடு போட்டுப் பாத்தா ஆயிரத்தி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல வருது, அக்கா."

ராசமலர் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். கிலோ என்றால் மீன் எடை தெரியும், ஆயிரத்தி ஐந்நூறு கிலோமீட்டர் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இப்பிடிப் பாருங்க. நம்மட பருத்தித்துறையிலருந்து கீழ தெய்வேந்திரமுனை வரைக்கும் இலங்கை முழுக்கப் போங்க. அப்பிடி மூணு தரம் போய், நாலாந் தரம் பாதி வழிக்குப் போகணும். அதான் உங்கட மகனுக்கும் மகளுக்கும் இடையில கிடக்கிற தூரம்."

ராசமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியென்றால் அவன் பொய் சொல்லவில்லை. ஏழு வருடமாகக் குடாவைத் தாண்டமாட்டாத கல்நெஞ்சுக்காரர் என்று இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டியது பிழை. இனி அவனைப் போ என்று எந்த வாயால் கேட்பது?

நிஸா இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூரம்தான். ஆனா நேரம் அப்பிடி இல்ல. காலமை பேர்கன்ல ஏறினா ஒஸ்லோவுக்கு ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது. அங்க மாறணும். அங்கருந்து கிர்கனஸுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. காத்திருக்கிறது எல்லாம் சேத்து ஒரு ஆறு மணித்தியாலம் வையுங்க."

"ஆறு மணித்தியாலமோ?"

"ஓம். நம்மட கொழும்பு பஸ் போற நேரம்."

ராசமலர் சிரித்தாள். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதாள். கொழும்புக்கு அவள் எத்தனை தரம் போய் வந்திருக்கிறாள். கண்ணாடிப் பக்கம் இடம் கிடைத்தால் ஒரு நித்திரை, ஹபரணையில் ஒரு தேத்தண்ணீர். அவ்வளவு நேரத்தில் கடக்கிற தூரத்தை ஆறு வயதுப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வி இத்தனை காலம் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்தக் கடையிலிருந்தே மகனுக்கு எடுத்தாள். "மகன், நான் விசாரிச்சனான். தூரம் மெய்தான், நீ பொய் சொல்லேல்லை. ஆனால் கொழும்பு பஸ்ஸில போற நேரம்தானாம். பெத்த உடம்போட அவள் தனிய அந்தப் பெட்டியைத் தூக்கப் போறாள். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது." அவன் மறுமொழி சொல்லும்வரை நிற்காமல் வைத்துவிட்டாள். நின்றால் கெஞ்சிவிடுவாள் என்று பயம்.

புதன்கிழமை முழுக்க அழைப்பு இல்லை.

வியாழக்கிழமை பத்து மணி தாண்டி, சந்தை நிறைந்திருந்த நேரம் போன் அடித்தது. பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் பெட்டி உருளுகிற சத்தமும் கேட்டன. அங்கே இன்னும் விடியவில்லை.

"அம்மா, நான் வெளிக்கிட்டுட்டன்."

சரி, போயிட்டு வா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பிறந்ததிலிருந்து அவள் அதைத்தான் சொல்லி வந்தாள். தகப்பனுக்குச் சொன்னாள், புருசனுக்குச் சொன்னாள், இந்த மகன் நாட்டை விட்டு ஓடுகிற அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள். கையில் பாதி வெட்டிய விளைமீன் இருந்தது. அதை வைத்தாள்.

"எங்க போறாய், மகன்?"

பக்கத்துக் கடையில் தராசைப் பிடித்துக்கொண்டு நின்ற அருளம்பலம் அப்படியே நின்றுவிட்டான். மீன் வாங்க வந்த சல்லிப் பெண் ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள்.

"அம்மா..." என்றான் றமேஸ். "என்ன கேக்கிறீங்கள்? நான் பிளேனுக்கு நிக்கிறன்."

"தெரிஞ்சுதான் கேக்கிறன். எங்க போறாய் எண்டு சொல்லு."

"தங்கச்சியிட்ட."

"எந்த வழியால?"

அவன் சொன்னான், சின்னப் பிள்ளை வாத்தியாருக்குப் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. ஒஸ்லோவில் இறங்கி, மாறி, கிர்கனஸ்.

"எப்ப போய்ச் சேருவாய்?"

"இஞ்சத்தை நேரம் மத்தியானத்துக்கு. உங்களுக்குப் பின்னேரம்."

"இப்ப நான் சொல்லுறதைக் கேள்." ராசமலர் அருளம்பலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அண்டைக்கு அந்தப் பிள்ளை கேட்டதால உங்கட அப்பா வராமல் போகேல்லை. கேட்ட பிள்ளைக்கு அவர் மறுமொழி சொல்ல வாயெடுத்தவர். நாங்கள்தான் சொல்ல விடேல்லை. சொல்லியிருந்தால் தேடப் போன ஆக்களுக்கு எந்தப் பக்கம் எண்டாவது தெரிஞ்சிருக்கும். ஊருக்குள்ள கேட்டது அவள் ஒருத்திதான். அவளுக்கு நான் அடிச்சனான். நீ அதைச் சொல்லி அவளைத் தள்ளி வைச்சனீ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இதை அவளிட்டப் போய் நீ சொல்ல வேணும். நான் கேட்டு, நீ போனாய் எண்டு சொல்ல வேணும்."

மறுபக்கத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் எழும்பியது. பிறகு, "கூப்பிடுறாங்கள் அம்மா," என்றான். போன் நின்றது.

ராசமலர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நிஸாவின் கடைக்குப் போனாள். சொல்லும்போது இருந்த துணிவு தெரு முடக்குவரைதான் கூட வந்தது. நிஸா போனைத் தட்டி ஒரு படத்தைக் காட்டினாள். நீலமும் பச்சையுமாக ஒரு தேசம், அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஈயளவு பிளேன்கள். "இதான் உங்கட மகன் போற பிளேன்." மஞ்சள் ஈ மெல்ல நகர்ந்தது. ராசமலர் அதிலிருந்து கண் எடுக்கவில்லை. சின்னப்போடிக்கு இப்படி ஒரு ஈ இருந்திருந்தால் என்று ஒருமுறை நினைத்தாள்.

ஒஸ்லோவில் அது இறங்கியது. அடுத்த பிளேன் பிந்தியது. சாப்பிட நிஸா எடுத்து வைத்த இடியப்பத்தை அவள் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. பின்னேரமாகி ஒருபடியாக அந்த ஈ மேலே எழும்பி, தேசத்தின் நீளத்துக்கும் ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்குப் போனது. கிர்கனஸ் என்ற பெயருக்குக் கிட்டப் போனதும் நேரே போகாமல் ஒரு வளையம் போட்டது. பிறகு இன்னொன்று.

"என்ன செய்யுது?"

நிஸா தயங்கினாள். "பனி கொட்டுது போல. இறக்க விடுறாங்க இல்ல. சுத்திக்கிட்டு நிக்கிது."

ராசமலர் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கேட்டிருக்கக்கூடாது. என்ர வாய்தான். புருசன் காணாமல் போனது போதாதென்று இருக்கிற மகனையும் கேட்டு அனுப்பிவிட்டேன். ஆறு வயதிலிருந்து கிருசாந்தினி இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தாளா? ஒரு பின்னேரத்துக்குள் எனக்கு உயிர் போகிறதே, அந்தப் பிள்ளை எப்படித் தாங்கியது?

கடை வாசலில் யாரோ செருமினார்கள். அருளம்பலம். சந்தையில் உடுத்த சாரத்தோடு, கையில் ஒரு போத்தல் தண்ணீர். உள்ளே வந்து அவளுக்கு முன்னால் நீட்டினான்.

"குடியுங்கோ அக்கா. அவன் திரும்பி வந்து குடிக்க ஏலாது. அவனுக்காக நீங்கள் குடியுங்கோ. அண்டைக்குப் பிள்ளையைக் கலைச்சது நான்தான். இண்டைக்காவது ஒண்டும் நடக்காமல் இருக்கட்டும்."

தொண்டை வறண்டு கிடந்தது. கை போத்தலுக்குப் போய்விட்டது. ஒரு வாய் குடித்தால் நெஞ்சு ஆறும். ஊர் எத்தனை காலமாக அப்படித்தானே ஆறி வந்திருக்கிறது. அவள் போத்தலைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஈ மூன்றாவது வளையத்தில் நின்றது. போத்தலைத் திறக்காமலே மேசையில் வைத்தாள்.

"வேண்டாம், அருளம்பலம். குடிச்சால் நான் கேட்டது பிழை எண்டாகிடும். நான் கேட்டது பிழையெண்டால் அவள் கேட்டதும் பிழையெண்டாகிடும்."

அவன் சுவரோரமாக நின்றான். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பிடித்தது, தெருவில் லைட் போட்டார்கள். ஈ வளையத்தை விட்டு நேராகியது, கிர்கனஸின் மேல் வந்து நின்றது, பிறகு படத்திலிருந்து இல்லாமல் போனது.

"இறங்கிட்டுது," என்றாள் நிஸா. "இறங்கினாத்தான் அது மறையும், அக்கா. அல்லாஹ் காப்பாத்திட்டான்."

ராசமலர் நம்பவில்லை. கடலில் போனவரும் இப்படித்தான் மறைந்தார். மகனுக்கு எடுத்தாள், மணி அடிக்கவில்லை. மறுபடி எடுத்தாள். நிஸா கடையைப் பூட்ட வேண்டிய நேரம் தாண்டியும் பூட்டவில்லை. கிண்ணியா பஸ் ஒன்று போனது, அடுத்ததும் போனது.

பிறகு மேசையில் போன் நடுங்கியது. றமேஸ் இல்லை, கிருசாந்தினி.

"அம்மா." மூன்று நாளாக இல்லாத அழுகை அந்தக் குரலில் வந்திருந்தது. "அண்ணா வந்திட்டான். வாசல்ல நிக்கிறான். தலையெல்லாம் பனி. நாளைக்குத் தான்தான் தூக்குவானாம்."

ராசமலர் மற்ற இருவரையும் பார்த்துத் தலையாட்டினாள்.

"நீங்கள் கேட்டனீங்களாம்?"

"ஓம், பிள்ளை. நான் கேட்டனான். எல்லாருக்கும் முன்னால கேட்டனான்."

அந்தப் பக்கம் அண்ணன்காரன் ஏதோ சொல்லுவதும், கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. பிறகு கிருசாந்தினி, முப்பது வயது தாண்டியவள், முழங்கால் தண்ணீரில் நிற்கிற தகப்பனைப் பார்த்து ஓடிவந்த அந்தப் பிள்ளையின் குரலில் சொன்னாள்:

"கேட்டும் வந்திட்டான், அம்மா."